கட்டிப்போட்ட நாய்க்குச் சிறுநீர் அடைத்தால் காத்திருக்க வேண்டாம்!

சென்னை மாநகராட்சி 2025-ல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமம், மைக்ரோசிப் இரண்டையும் கட்டாயமாக்கியது. அம்பத்தூர் அந்த மாநகராட்சிக்குள் வருகிறது. ஆவடியும் பூந்தமல்லியும் தனி உள்ளாட்சிகள். ஆனால், நாய்க்கடி பயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். தோட்டத்தைச் சுற்றிவந்த காவல் நாயைச் சங்கிலியில் போட வேண்டியிருக்கிறது.

கட்டுவது சரிதான். அதே நேரம், நாள் முழுக்கக் கட்டிக்கிடக்கும் நாய் சிறுநீரை அடக்கும். தண்ணீர்ச் சட்டி எட்டாவிட்டால் குடிப்பதும் குறையும். சிறுநீர் கெட்டியாகிப் பையிலேயே தங்கினால், கல் உண்டாகும் வாய்ப்பு கூடும்.

அறிகுறிகள்

அடிக்கடி முக்குதல், சொட்டுச் சொட்டாகப் போதல், சிறுநீரில் ரத்தம். பெண் நாய்க்குச் சிறுநீர்த்தாரை அகலம் என்பதால் சிறு கற்கள் பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆண் நாய்க்குக் குறியில் எலும்பு உண்டு. அதன் பின்புறம் கல் சிக்கிக்கொள்ளும். சிறுநீர் முழுதாக அடைத்தால் ரத்தத்தில் நச்சு ஏறும், பொட்டாசியம் கூடி இதயம் நிற்கலாம், பையே கிழியலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வாழைத்தண்டுச் சாறு கொடுத்துப் பார்க்க அது நேரமல்ல.

சிகிச்சை என்ன?

கல்லின் வகையைப் பொறுத்தது. நாய்களில் ஸ்ட்ரூவைட் கல் பெரும்பாலும் கிருமித் தொற்றால் வருவது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் தனி உணவும் கொடுத்தால் சில வாரங்களில் கரையும். கால்சியம் ஆக்சலேட் கல் கரையாது. பெரிதாக இருந்தால் அறுவை சிகிச்சைதான். தாரையில் சிக்கிய கல்லை, குழாய் வழியே சலைன் செலுத்திப் பைக்குள் தள்ளிவிட்டு, பிறகு பையைத் திறந்து எடுப்பார்கள். எடுத்த கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். வகை தெரிந்தால்தான் மீண்டும் வராமல் தடுக்க முடியும்.

முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லலாம்.

தடுக்க...

* தினமும் மூன்று, நான்கு முறை கயிற்றில் பிடித்து வெளியே அழைத்துச் செல்லுங்கள்.
* எட்டும் இடத்தில் எப்போதும் நல்ல தண்ணீர் வையுங்கள். சோற்றிலும் தண்ணீர் சேர்த்துப் பிசையலாம்.
* மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையை நாய்ச் சோற்றில் கலக்காதீர்கள். மருத்துவர் சொல்லாமல் கால்சியம் மாத்திரையும் வேண்டாம்.

காயடித்த வெள்ளாட்டுக் கிடாக்களுக்கும் இதே அடைப்பு வரும். தவிடு, தானியம் அதிகம் வைப்பவர்கள் அவற்றையும் கவனியுங்கள்.