டாங்கி மாதிரி வாங்குமுன் சக்கரங்களைப் பாருங்கள்



விடுமுறை வந்துவிட்டால், பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சேர்க்கும் டாங்கி மாதிரி வேண்டும் என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் மகனும் கேட்டான். டி-55 என்று அச்சிட்டிருந்த மலிவான பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். நகரத்துப் பூங்காவில் நினைவுச்சின்னமாக நிற்கும் அதே டாங்கியை அவன் பலமுறை சுற்றிவந்து பார்த்தவன். இரண்டு நாள் உட்கார்ந்து ஒட்டி முடித்தபின், "அப்பா, இது அது இல்லை" என்றான். உண்மையான டி-55இல் பக்கத்திற்கு ஐந்து சக்கரங்கள் உண்டு. முதல் சக்கரத்திற்கும் இரண்டாவதற்கும் நடுவே இடைவெளி பெரியது. எங்கள் மாதிரியிலோ ஐந்தும் சமதூரத்தில் நின்றன. கொடுத்த பணத்தைக் காட்டிலும் அவனுடைய முகமே என்னை வருத்தியது.

அன்று முதல் பெட்டியின் மேலுள்ள வண்ணப்படத்தை நான் நம்புவதில்லை. ஒட்டி முடித்த மாதிரியின் பக்கவாட்டுப் புகைப்படத்தைத் தேடிப் பார்த்துச் சக்கரங்களை எண்ணுகிறேன். டி-34க்கும் ஐந்து சக்கரங்களே. ஆனால் அங்கே இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் இடைவெளி அகலம். நம் ஆவடியில் தயாரான டி-72க்குச் சிறிய சக்கரங்கள் ஆறு.

அடுத்தது அளவுகோல். டி-55இன் அகலம் 3.27 மீட்டர். 35இல் ஒரு பங்கு என்றால் மாதிரி ஏறக்குறைய 93 மில்லிமீட்டர் அகலம் இருக்கவேண்டும். 72இல் ஒரு பங்கு என்றால் 45. பீரங்கிக் குழலோடு சேர்த்தால் முன்னது ஒரு சாண் நீளத்திற்கு மேல் வரும். ஒற்றை அறையில் குடியிருக்கிறவர்கள் அலமாரியை அளந்துவிட்டு வாங்குவது நலம். 72இல் ஒரு பங்கு பெட்டிகளே விலையும் குறைவு. ரெவெல் நிறுவனத்தின் டி-55 இவ்வளவில் உண்டு. ஏர்ஃபிக்ஸின் பழைய சிறு டாங்கிகளோ 76இல் ஒரு பங்கு. இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு தெரியும்.

35 என்ற எண் எப்படி வந்தது தெரியுமா? ஜப்பானின் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கியின் மாதிரியைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரிகளும் அடங்கும்படி உடலை வடிவமைத்தது. பிறகு கணக்கிட்டால் அது 35இல் ஒரு பங்காக இருந்தது! அக்காலத்து அச்சுகள் சில இன்னும் புதிய பெட்டியில் விற்கப்படுகின்றன. அடித்தட்டில் மோட்டாருக்கான துளைகள் இருந்தால் அச்சு பழையது என்று அறியலாம். ஆகவே பெட்டியின் பெயரைவிட அச்சு எந்த ஆண்டினது என்று விசாரியுங்கள். தமியாவின் 2002ஆம் ஆண்டு டி-55 சரியான வடிவம் என்று பெயர் பெற்றது. விலைதான் சற்று அதிகம். ஒரு நிறுவனத்தின் அச்சு வேறொரு நிறுவனத்தின் பெட்டியில் வருவதும் வழக்கம்: ஏர்ஃபிக்ஸ் பெயரில் வந்த 35இல் ஒரு பங்கு டாங்கிகள் சில, கொரியாவின் அகாடமி செய்த அச்சுகளே.

செலவு பெட்டியோடு முடிவதில்லை. பசை, வெட்டுக்கத்தி, தூரிகை, வண்ணம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் மாதிரிக்கு, சங்கிலிப்பட்டை ஒரே நீளத் துண்டாக வரும் பெட்டியே போதும். கண்ணி கண்ணியாகக் கோர்ப்பது சிறு பிள்ளையின் பொறுமையைச் சோதிக்கும். கத்தி உங்கள் கையில் இருக்கட்டும். பசையின் வாடை கடுமையானது. இரவில் கதவடைத்துக்கொண்டு ஒட்டவேண்டாம்.

என் மகனின் இரண்டாவது டி-55 இப்போது எங்கள் தையல் இயந்திரத்தின் மேல் நிற்கிறது. முதலாவதை அவன் எறியவில்லை. வண்ணம் தீட்டிப் பழக வைத்திருக்கிறான்.