நண்டு வளை

மகாராஜபுரம் எங்கே என்று கேட்பவர்களிடம், வத்திராயிருப்புப் பக்கம் என்பேன். விழித்தால், ஸ்ரீவில்லிபுத்தூர். உடனே பால்கோவா விலை கேட்பார்கள். ஊர் மறந்து போகும்.

ஆபீஸில் என் வேலை, மண்ணுக்குள் தண்ணீர் எப்படி ஊர்கிறது என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பது. (பெண் வீட்டாரிடம் 'இன்ஜினீயர்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.) மணல், களிமண், செங்கல், ஏன், டீக்கடை பன்கூட உள்ளே பொடிப்பொடி ஓட்டைதான். ஒவ்வொன்றையும் வரைய ஆயுசு போதாது. 1856-ல் ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சுக்காரர் குறுக்கு வழி சொன்னார். டிஜான் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தவர். குழாயில் மணலை அடைத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். ஓட்டையை எண்ண வேண்டாம். இரண்டு பக்கத்துத் தண்ணீர் மட்ட வித்தியாசம், மணலின் நீளம், மண்ணுக்கென்று ஒரு நம்பர், போதும். அந்த நம்பர் மணலுக்கும் களிமண்ணுக்கும் லட்சம் மடங்குகூட வித்தியாசப்படும். எங்கள் சாஃப்ட்வேர் இன்றைக்கும் அதைத்தான் கலர் கலராகக் காட்டுகிறது.

ஒரு தீபாவளி லீவில் ஊரில் விடாத மழை. கண்மாய் நிறைந்துவிட்டது. ராத்திரி பதினோரு மணிக்கு மாமா டார்ச்சோடு வந்து, "வாங்க மாப்ளே, கரையைப் பாத்துட்டு வருவோம்" என்றார். கரை அடியில் ஓரிடத்தில் கசிவு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாமா ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார். "தெளிவா இருக்கு. மண் கரைன்னா கசியத்தான் செய்யும்."

நூறு தப்படி தள்ளி இன்னொன்று. விரல் தண்டிதான். அள்ளினால் டீ கலர். "நண்டு வளை! ஓடிப்போய்ப் பசங்களை எழுப்புங்க."

தெளிந்த தண்ணீர் தனியாக வருகிறது. கலங்கல், கரையையும் கூட்டிக்கொண்டு வருகிறது. மண் போகப் போக வழி பெரிசாகும், வேகம் கூடும். 1976 ஜூன் 5 காலை, அமெரிக்காவின் ஐடஹோவில் டீட்டன் அணையில் கலங்கல் கசிவு தெரிந்தது. 300 அடி உயர மண் அணை. பகல் பன்னிரண்டு அடிப்பதற்குள் உடைந்தது. 11 பேர் செத்தார்கள்.

"களிமண்ணை அப்பி அடைச்சிரலாம் மாமா!" என்றேன். பரீட்சையில் இதே கேள்விக்கு முழு மார்க் வாங்கியவன்!

"அடைச்சா பக்கத்துல பிச்சுக்கிட்டு வரும். தண்ணி வரட்டும். மண்ணு வரக் கூடாது."

மணல், அதன்மேல் சரளை, அதன்மேல் கல். கார்ல் டெர்ஸாகி வடிகட்டிக்கு விதி எழுதியது இதற்குத்தான். மாமா டெர்ஸாகியைப் படித்ததில்லை. நாலு மணிக்குத் தண்ணீர் தெளிந்தது. எல்லாருக்கும் கடுங்காப்பி.

ஆபீஸ் திரும்பியதும் சீனியரிடம், மாடலில் நண்டு வளையை எங்கே போடுவது என்று கேட்டேன். "இடம் தெரிஞ்சா தாராளமாப் போடலாம்" என்றார். இடம் நண்டுக்குத்தான் தெரியும். சாயங்காலம் மாமாவுக்குப் போன் போட்டேன்.

"கரை எப்படி இருக்கு?"

"கசியுது."

"எப்படி?"

"தெளிவா."