குற்றவாளியைத் தப்பவிடும் சட்டம்

2018 நவம்பர் 30 ஆம் திகதி மட்டக்களப்பு, வவுணதீவில் கடமையிலிருந்த இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டனர். சந்தேகம் உடனே முன்னாள் விடுதலைப் புலி உறுப்பினர்கள் மீது விழுந்தது. அவர்களில் ஒருவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடித்து அடைக்கப்பட்டார். ஐந்து மாதங்கள் கழித்து, 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260 க்கும் மேற்பட்டோர் குண்டுகளுக்குப் பலியான பின்னர்தான் உண்மை வெளிவந்தது. அந்தப் பொலிஸாரைக் கொன்றது, குண்டுத் தாக்குதல்களை நடத்திய சஹ்ரான் ஹாஷிமின் குழு. குற்றமற்ற ஒருவர் காவலில் கிடந்த அத்தனை நாளும் கொலையாளிகள் வெளியே அடுத்த தாக்குதலுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் பற்றிய விவாதம் இந்நாட்டில் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. மனித உரிமை அமைப்புகள் அதைக் கொடுஞ்சட்டம் என்கின்றன. பாதுகாப்புத் தரப்போ, அது இல்லாமல் நாட்டைக் காக்க முடியாது என்கிறது. முதலாவது கூற்றுக்கு ஆதாரம் மலைபோல் குவிந்திருக்கிறது. இரண்டாவதற்கு ஆதாரம் என்ன என்று கேட்பவர்கள் குறைவு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலான அனுபவத்தை வைத்துப் பார்த்தால், இச்சட்டம் நாட்டைக் காத்ததற்கான அடையாளத்தைவிட ஆபத்தில் தள்ளியதற்கான அடையாளமே அதிகம். நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டே இச்சட்டம் முற்றாக நீக்கப்பட வேண்டும் என்பது எமது நிலைப்பாடு.

1979 ஜூலையில் ஜே.ஆர். ஜயவர்தன அரசு இதை மூன்றாண்டுக்கான தற்காலிகச் சட்டம் என்றே கொண்டுவந்தது. அதே மாதம் பிரிகேடியர் வீரதுங்கவை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, டிசம்பர் 31 க்குள் பயங்கரவாதத்தை ஒழித்துவிட்டு வருமாறு ஜனாதிபதி பணித்தார். அன்று வடக்கிலிருந்த ஆயுதக் குழுக்கள் மிகச் சிறியவை. தேடுதல்களும் சித்திரவதைகளும் அவற்றை அழிக்கவில்லை. அவற்றுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தன. 1982 இல் சட்டம் நிரந்தரமானது. 1983 ஜூலை 25 ஆம், 27 ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அவர்களில் பலர் இச்சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டவர்கள். அக்கொலைகளுக்காக ஒருவரேனும் தண்டிக்கப்படவில்லை. யுத்தத்துக்கு இச்சட்டம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால், ஒழிக்க வந்ததையே அது வளர்த்தது என்பதை மறுக்க முடியாது.

சட்டத்தின் உயிர்நாடி அதன் 16 ஆம் பிரிவில் இருக்கிறது. நாட்டின் பொதுவான சாட்சியச் சட்டப்படி, பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்திலோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள ஓர் அதிகாரியிடம் கொடுத்தால் செல்லும். அடித்து வாங்கியது என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் கைதியே. 1990களில் கைதான ஒரு தமிழருக்கு, தனக்குத் தெரியாத சிங்கள மொழியில் எழுதப்பட்டுத் தன் பெருவிரல் அடையாளம் பெறப்பட்ட வாக்குமூலத்தின் பேரில் 50 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. நியாயமான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டதாக 2004 இல் ஐ.நா. மனித உரிமைக் குழு கூறியது. 2006 இல் இலங்கை உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது.

இது கைதிக்கு இழைக்கப்படும் அநீதியோடு முடிந்துபோவதில்லை. ஒரு கையொப்பத்தில் வழக்கு முடியும் என்றால் தடயம் தேடவும், தொலைபேசிப் பதிவுகளை அலசவும், சாட்சிகளைக் காக்கவும் எந்த அதிகாரி மெனக்கெடுவார்? பிடிப்பதற்கு இலகுவான ஆள் கிடைத்ததும் விசாரணை நின்றுவிடுகிறது. வவுணதீவில் நடந்தது அதுதான்.

உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைத் தடுக்க அரசிடம் சட்டம் இல்லாமலில்லை. தகவலும் இருந்தது. ஏப்ரல் 4 ஆம் திகதியே இந்திய உளவுத்துறை எச்சரித்திருந்தது. அதற்கு முன்பே, மாவனல்லையில் புத்தர் சிலைகள் சேதப்படுத்தப்பட்ட தடயத்தைத் துருவிச் சென்ற குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வனாத்தவில்லுவில் வெடிபொருட் குவியலைக் கண்டுபிடித்திருந்தது. பொறுமையான பொலிஸ் வேலை என்ன சாதிக்கும் என்பதற்கு அதுவே சான்று. அந்தத் தகவல்கள் கிடைத்தும் மேலே இருந்தவர்கள் அசையவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்றும், பாதுகாப்புத் துறையின் உயரதிகாரிகளும் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் சுட்டியது கடமை தவறியதைத்தான். அதிகாரம் போதாமையை அல்ல.

தாக்குதலுக்குப் பின் வலையில் விழுந்தவர்கள் யார்? 2017 இல் வெளிவந்த தமிழ்க் கவிதை நூலான 'நவரசம்' தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்று சொல்லி, 2020 மே மாதம் மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீமைக் கைது செய்தார்கள். ஒன்றரை ஆண்டுக்கு மேல் அடைத்து வைத்தார்கள். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுதலை செய்தது. 2022 இல் அரகலய மக்கள் போராட்டத்தின் பின் மாணவர் தலைவர்கள் மீது இதே சட்டம் பாய்ந்தது. 2025 மார்ச்சில், இஸ்ரேலைக் கண்டிக்கும் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிய முஸ்லிம் இளைஞருக்கு 90 நாள் தடுப்புக் காவல் உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. இரு வாரங்களுக்குப் பின் அவர் விடுவிக்கப்பட்டார். வடக்கின் இளைஞருக்காகச் செய்த சட்டம் தெற்கின் மாணவனையும் தேடி வந்தே தீரும் என்பதை நாடு தாமதமாகத்தான் கண்டுகொண்டது.

சாதாரண சட்டத்தால் தற்கொலைக் குண்டுதாரியைத் தடுக்க முடியாது என்ற வாதத்தை நாம் அலட்சியப்படுத்தவில்லை. மத்திய வங்கி முதல் கொச்சிக்கடை வரை இரத்தம் சிந்திய நாடு இது. பயங்கரவாதம் கற்பனைப் பூதம் அன்று. ஆனால் கொலை, கொலைச் சதி, வெடிபொருள், துப்பாக்கி ஆகியவற்றுக்குச் சட்டங்கள் ஏற்கனவே உண்டு. பயங்கரவாதத்துக்கு நிதி சேர்ப்பதைத் தண்டிக்க 2005 இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. எஞ்சுவது, குற்றச்சாட்டு இல்லாமல் மாதக்கணக்கில் அடைத்து வைக்கும் அதிகாரமும் 16 ஆம் பிரிவும் மட்டுமே. அவை எந்தக் குண்டையும் செயலிழக்கச் செய்ததில்லை.

எதிர்க்கட்சியில் இருக்கும்போது கசக்கும் சட்டம் ஆட்சிக்கு வந்ததும் இனிக்கத் தொடங்குவது இங்கே வாடிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை கைநழுவும் நிலை வந்தபோது, 2022 இல் தடுப்புக் காவலின் உச்ச வரம்பு 18 மாதத்திலிருந்து 12 ஆகக் குறைக்கப்பட்டது. 16 ஆம் பிரிவில் கைவைக்கவில்லை. 2018 இலும் 2023 இலும் முன்வைக்கப்பட்ட மாற்றுச் சட்டமூலங்கள் பயங்கரவாதத்துக்குக் கொடுத்த வரைவிலக்கணத்தில் வேலைநிறுத்தமும் ஆர்ப்பாட்டமும் சிக்கிக்கொள்ளும் என்ற அச்சம் தொழிற்சங்கங்கள் வரை பரவியது.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று வாக்களித்தே தேசிய மக்கள் சக்தி ஆட்சிக்கு வந்தது. அதன் முதுகெலும்பான ஜே.வி.பி.க்கு 1971 இலும் 1987 - 89 இலும் அரச வன்முறை எப்படியிருக்கும் என்பது நேரடியாகவே தெரியும். 225 ஆசனங்களில் 159 கையில் இருக்கும்போது சாக்குச் சொல்ல இடமில்லை. சட்டத்தை நீக்கும் ஒருவரிச் சட்டமூலம் முதலில் வரட்டும். பொலிஸாரிடம் கொடுத்த வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டிக்கப்பட்டோரின் வழக்குகள் மீளாய்வு செய்யப்படட்டும். இனி எந்தச் சட்டம் வந்தாலும் அதில் மூன்று விடயங்கள் இருக்க வேண்டும்: கைதானவர் 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்தப்பட வேண்டும், பொலிஸாரிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகக் கூடாது, தடுத்து வைக்கும் உத்தரவில் கையொப்பமிடுபவர் அமைச்சராக அன்றி நீதிபதியாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஏற்காத எந்தச் சட்டமூலத்தையும், அதற்கு எவ்வளவு அழகான பெயர் சூட்டினாலும், பாராளுமன்றம் நிராகரிக்க வேண்டும்.