தண்ணீர் புகாத கைப்பேசி உண்டா?



பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொடைக்கானல். அங்கே தண்ணீர் மழையாக மட்டும் வருவதில்லை. மூடுபனியாகக் கதவிடுக்கில் நுழைகிறது; சன்னல் கண்ணாடியில் முத்து முத்தாய்ப் படிகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொடியில் போட்ட துணி நாள் கணக்கில் காய்வதில்லை. மன்னவனூரிலும் பூம்பாறையிலும் கேரட்டும் பூண்டும் விளைவிப்போர், சந்தை விலை கேட்க ஈரக்கையோடுதான் கைப்பேசியை எடுக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் கைப்பேசி வாங்கப் போனால் கடைக்காரர் என்ன சொல்வார்? "இது ஐ.பி. 68. தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. சில ஆயிரம் ரூபாய்தான் அதிகம்" என்பார். பல வீடுகளில் அந்தச் சில ஆயிரம் ரூபாய் ஒரு மாதத்து மளிகைச் செலவு. அதைக் கொடுக்கலாமா?

அந்த எண் பொய் சொல்வதில்லை. ஆனால் அது வாக்குறுதியும் அன்று. ஒரு சோதனையின் முடிவு, அவ்வளவுதான். நீண்ட நாள் உழைக்கும் கைப்பேசி வேண்டுமென்றால் அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதே எமது கருத்து. காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

எண்ணின் பொருள்

ஐ.பி. என்பது பன்னாட்டு மின்தொழில்நுட்பக் குழு 1976-ஆம் ஆண்டு முதன்முதலில் வெளியிட்ட தரக் குறியீடு. கைப்பேசிக்கென்று பிறந்ததன்று, மின்மோட்டார், விளக்கு, மின்பெட்டி என எல்லாக் கருவிகளின் உறைக்கும் பொதுவானது.

இரண்டு எண்களில் முதல் எண் தூசியைப் பற்றியது. 6 என்றால் தூசி உள்ளே புகாது. இரண்டாம் எண் தண்ணீரைப் பற்றியது. 4 என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 5, 6 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சி அடிக்கும் நீரைத் தாங்கும். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருக்கலாம். 8 என்றால்? இங்கேதான் ஒரு வேடிக்கை. சோதனை 7-ஐவிடக் கடுமையாக இருக்க வேண்டும் என்று மட்டுமே விதி சொல்கிறது. எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே அறிவிக்கிறார். ஆகவே ஒரு நிறுவனத்தின் 68-உம் இன்னொரு நிறுவனத்தின் 68-உம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. பள்ளிக் கணக்கில் 7, 5-ஐவிடப் பெரியது. இந்தக் குறியீட்டில் அப்படி எண்ணிவிடக் கூடாது. அசையாத நீரில் மூழ்கித் தப்பும் கருவி, பீய்ச்சும் நீரில் தோற்கலாம். இரண்டையும் தாங்குமென்றால் இரண்டு எண்களையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும். மலையடிவாரத்துக் கும்பக்கரை அருவியில் குளிக்கும்போது விழும் நீர் அசையாத நீரா? நீங்களே சொல்லுங்கள்.

ஒரு சிறு கணக்கு

அந்த 1 மீட்டர் சோதனைக்கு ஒரு நிபந்தனை உண்டு. நீரின் வெப்பநிலைக்கும் கருவியின் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாடு 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ஏன் தெரியுமா?

1863-இல் உருவாக்கப்பட்ட கொடைக்கானல் ஏரியில் ஒருவர் படகில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் படம் எடுத்து எடுத்துக் கைப்பேசி 35 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறியிருக்கிறது. அது கை நழுவி 15 டிகிரி நீரில் விழுகிறது. உள்ளே அடைபட்ட காற்று குளிர்கிறது. பருமன் மாறாத வாயு குளிர்ந்தால் அதன் அழுத்தம் குறையும், வகுப்பில் படித்திருப்பீர்கள். கெல்வின் அளவில் 308-லிருந்து 288-க்கு இறங்குகிறது. 20-ஐ 308-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6.5 விழுக்காடு.

கொடைக்கானலின் காற்றழுத்தம் சுமார் 8 மீட்டர் உயர நீரின் அழுத்தத்துக்குச் சமம். அதில் 6.5 விழுக்காடு என்பது சுமார் அரை மீட்டர். அதாவது, சூடான கைப்பேசி குளிர்ந்த நீரை உள்ளே உறிஞ்ச முயல்கிறது. அரை மீட்டர் ஆழத்தில் மிதந்தாலும் அதன் ரப்பர் வளையங்கள் ஒரு மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். அடியில் போய்ச் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். சோதனைச் சாலையின் தொட்டியில் இந்த ஏரி இல்லை!

அந்தச் சோதனை நடப்பது புதிய கருவியில், தூய நன்னீரில் என்பதையும் மறக்க வேண்டாம். ஓரத்துப் பசையும் ரப்பரும் வெயிலில், குளிரில், சட்டைப்பையின் அழுத்தத்தில் நாளாவட்டத்தில் தளரும். ஒருமுறை கீழே விழுந்து சட்டம் மயிரிழை வளைந்தாலும் போதும். இரண்டு வயதான கைப்பேசிக்கு அந்த எண்ணை யாரும் மறுபடி சோதித்துத் தருவதில்லை.

மூடுபனிக்கு எண் இல்லை

வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் மலைச்சாலையில் ஏற ஏறப் பலூன் போல் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதே காரணம். கைப்பேசி ஏன் உப்புவதில்லை? தண்ணீர் புகாத பல கைப்பேசிகளில் ஒரு நுண்துளைச் சவ்வு இருக்கிறது. காற்று அதன் வழியாகப் போய் வந்து அழுத்தத்தைச் சமன் செய்கிறது. நீர்த்துளி பெரிதாகையால் நுழைய முடியாது.

ஆனால் நீராவி? அது தனித்தனி மூலக்கூறு அல்லவா! காற்றோடு சேர்ந்து அதுவும் நுழையும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம்தான். ஈரம் மிகுந்த வெதுவெதுப்பான காற்று உள்ளே இருக்கும்போது கைப்பேசி குளிர்ந்தால், மிச்ச நீராவி நுண்துளிகளாகப் படியும். கேமரா கண்ணாடியின் உட்புறம் சில நாள் மங்குவது இதனால்தான்.

கைப்பேசிக்குள் இருக்கும் காற்று மிகக் கொஞ்சம். எனவே ஒருமுறை படியும் ஈரத்தால் பெரிய கேடு இல்லை. ஆனால் உள்ளே தூசியோ உப்போ இருந்து, அது மாதக்கணக்கில் நனைந்தும் உலர்ந்தும் வந்தால் செம்பு இணைப்புகள் அரிக்கப்படும். இந்த ஈரப் படிவையும் அரிமானத்தையும் தான் அளப்பதில்லை என்று அந்த ஐ.பி. தரவிதியே சொல்லிவிடுகிறது. மலையூர்க்காரர்களின் அன்றாட எதிரிக்கு அதில் எண்ணே கிடையாது.

நனைந்தபின் நடப்பது

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். உப்பு, வியர்வை, சோப்பு கலந்த நீரில் அயனிகள் மிகுதி. மின்னோட்டம் உள்ள இடத்தில் அந்த நீர் பட்டால் மின்னாற்பகுப்பு தொடங்கி உலோகம் அரிக்கப்படுகிறது.

இதை நீங்களே பார்க்கலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் உப்பு நீர் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு டார்ச் செல்களைத் தொடராக இணைத்து, இரு செம்புக் கம்பிகளை ஒன்றையொன்று தொடாமல் நீரில் வையுங்கள். ஒரு கம்பியில் குமிழிகள் எழும். மற்றது அரிபட்டு நீர் கலங்கும். (பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.) ஈரமான துளையில் சார்ஜரைச் செருகும்போது நடப்பதும் இதுவே.

இதே காரணத்தால் ஒரு பெரிய வழக்கே நடந்தது. 2016 முதல் 2018 வரை வந்த சாம்சங் விளம்பரங்கள், கைப்பேசியை நீச்சல் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தைத் தந்தன. ஈரத்தோடு சார்ஜ் செய்தால் துளை அரிக்கப்படும் என்பது சொல்லப்படவில்லை. ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடர, 2022-இல் நீதிமன்றம் 1 கோடியே 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இத்தாலியில் 2020-இல் ஆப்பிள் நிறுவனத்துக்கும் ஒரு கோடி யூரோ அபராதம். தண்ணீர் தாங்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு, தண்ணீரால் கெட்டால் உத்தரவாதம் இல்லை என்று எழுதியது அங்கே கண்டிக்கப்பட்டது. இது நியாயந்தானே? ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கும் வாக்கை யார் ஏற்பார்கள்?

கீழே விழுந்தால்?

சில பெட்டிகளில் "இராணுவத் தரம்" என்று அச்சிட்டிருப்பார்கள். இது அமெரிக்க இராணுவத்தின் 810 என்னும் சோதனை நூலைக் குறிப்பது. அதிலுள்ள பல சோதனைகளில் எவற்றைச் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்துகொள்ளலாம். விழும் சோதனையில் 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 முறை போட வேண்டும். ஆனால் அந்த 26 முறையை ஐந்து கருவிகள் வரை பங்கிட்டுக்கொள்ளவும் இடமுண்டு! உங்கள் கையில் இருப்பதோ ஒன்றே ஒன்று. கொடைக்கானலின் கருங்கல் படிகளுக்கு இராணுவத் தரமும் தெரியாது. நல்ல ரப்பர் உறை ஒன்று போடுவதே மலிவான காப்பு.

உழைப்பது எது?

1899-இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 15 செ.மீ. தொலைநோக்கி ஒன்று உண்டு. 1850-இல் வாங்கப்பட்டது. 1898-இல் அதைப் பிரித்து, சூரியனைப் படம் பிடிப்பதற்கேற்பத் திருத்தி அமைத்தார்கள். புதிய நூற்றாண்டிலும் அது வேலை செய்தது. அந்தக் கருவிக்கு எந்த நீர்த்தடை எண்ணும் கிடையாது. பின் எப்படி உழைத்தது? கூரைக்குக் கீழ் வைத்தார்கள், துடைத்தார்கள், தேய்ந்த பாகத்தை மாற்ற முடிந்தது. திருகைக் கழற்றித் திறக்க முடிகிற கருவிக்கு ஆயுள் அதிகம்.

இன்றைய கைப்பேசியின் நிலை என்ன? தண்ணீர் புகாமலிருக்க முதுகைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். மூன்று, நான்கு ஆண்டில் மின்கலம் களைத்துப் போனால் மாற்றுவது கடினம். மாற்றினாலும் பழைய நீர்த்தடை அப்படியே திரும்புமா என்பது, புதிய பசை வளையம் போட்டார்களா என்பதைப் பொறுத்தது.

"தண்ணீர் உள்ளே போகாததால்தானே பல கைப்பேசிகள் பிழைக்கின்றன?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், நீர்த்தடை நல்லதே. ஆனால் நீர்த்தடையும் திறக்கும் முதுகும் பகைவர்கள் அல்ல. 2014-இல் வந்த சாம்சங் எஸ்-5 கைப்பேசிக்கு 67 என்ற எண் உண்டு; நகத்தால் மூடியைத் திறந்து மின்கலத்தையும் மாற்றலாம். 2022-இல் வந்த எக்ஸ்கவர்-6 புரோ 68-ஐயே எட்டியது. அதன் மின்கலமும் கழற்றக் கூடியதே. ஆகவே விஞ்ஞானம் தடுக்கவில்லை. தடுப்பது தயாரிப்பாளர்களின் விருப்பம்.

கெட்ட கருவி எங்கே போகிறது என்பதைக் கொடைக்கானல் நன்கு அறியும். 2001-இல் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய பொருள் கடை ஒன்றில், பாதரசம் கலந்த வெப்பமானிக் கண்ணாடிக் குவியல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டே வெப்பமானித் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனால் மண்ணைத் தூய்மைப்படுத்தும் பிரச்சினை இருபது ஆண்டு கடந்தும் தீரவில்லை. கைப்பேசியிலும் எறியக் கூடாத பொருள்கள் உண்டு. 2022-ஆம் ஆண்டு உலகம் எறிந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் உள்ளது கால் பங்குக்கும் குறைவு. ஒவ்வொரு கைப்பேசியும் இரண்டு ஆண்டு கூடுதலாக உழைத்தால் மலைக்கும் நல்லது, அப்பாவின் பணப்பைக்கும் நல்லது.

என்ன செய்யலாம்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் கைப்பேசிகளுக்கு ஒரு சீட்டு கட்டாயம். நீர்த்தடை, விழுந்தால் தாங்கும் திறன், பழுது பார்க்கும் எளிமை, மின்கலத்தின் ஆயுள் ஆகியவை பக்கத்துப் பக்கத்தில் அதில் இருக்கும். நம் நாட்டிலும் பழுது பார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் தருவது பற்றி ஆராய அரசு குழு அமைத்தது. அந்த மதிப்பெண் பெட்டிமேல் வரவேண்டும். அத்துடன், ஐ.பி. எண்ணை அச்சிடும் நிறுவனம் எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதையும், நீரால் கெட்டால் உத்தரவாதம் உண்டா இல்லையா என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். பெரிய எழுத்தில் 68, பொடி எழுத்தில் மறுப்பு என்பது கூடாது.

அதுவரை நீங்கள் சும்மா இருக்க வேண்டாம். வீட்டில் கைப்பேசி வாங்கும்போது உடன் சென்று இந்த ஐந்தைக் கேளுங்கள்:

1. நீரால் கெட்டால் இலவசமாகப் பழுது பார்ப்பீர்களா? எழுத்தில் காட்டுங்கள்.
2. மின்கலம் மாற்ற என்ன செலவு?
3. பழுது பார்க்கும் இடம் எங்கே? கொடைக்கானலிலா, வத்தலக்குண்டிலா, மதுரை வரை போக வேண்டுமா?
4. உதிரி பாகங்கள் எத்தனை ஆண்டு கிடைக்கும்?
5. மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும்?

இந்த ஐந்துக்கும் நல்ல விடை தரும் கைப்பேசி, தெறிக்கும் நீரை மட்டுமே தாங்குவதானாலும் தயங்காமல் வாங்கலாம். மீதமான பணத்தில் ஓர் உறையும், மழைக்கு இறுக மூடும் ஒரு பிளாஸ்டிக் பையும் வாங்குங்கள்.

அப்படியும் நனைந்துவிட்டால்? உடனே அணைத்துவிடுங்கள். துடைத்து, துளை கீழ்நோக்கி இருக்கும்படி மெல்லத் தட்டுங்கள். அரிசிப் பானையில் புதைக்க வேண்டாம். மாவும் தூளும் துளையில் அடைக்கும். சமவெளியில் காற்றாட வைத்தாலே போதும். மூடுபனி நாளில் மலைக்காற்றே ஈரத்தால் நிறைந்திருப்பதால் அது எளிதில் உலராது. புதுச் செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வையுங்கள். இறுக மூடும் டப்பாவில் அவற்றோடு கைப்பேசியையும் போட்டு, ஓரிரு நாள் பொறுத்திருங்கள். நன்கு உலரும்வரை சார்ஜரைச் செருகவே கூடாது.