ஹைட்ராலிக் ஆயில்: ஒரு டிராக்டர் வீட்டுப் பையனின் புலம்பல்

இந்த முறை சினிமா இல்லை, கிரிக்கெட் இல்லை. டிராக்டரில் ஊற்றுகிற ஹைட்ராலிக் ஆயில் பற்றி எழுதப் போகிறேன். ஹாஸ்டலில் சொன்னபோதே சிரித்தார்கள். "மெக்கானிக்கல் படிச்சாலும் படிச்ச, எழுதுறதுக்குக்கூட ஆயில்தான் கிடைச்சுதா?" என்றான் ரூம்மேட். இந்த ஆயிலால் எங்கள் வீட்டில் ஒரு வருடம் சம்பா நடவே தள்ளிப்போனது. அந்தக் கடுப்பில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் தஞ்சாவூர் பக்கம். சித்தப்பாவிடம் ஒரு டிராக்டர் இருக்கிறது. சொந்த நிலம் கொஞ்சம்தான், வாடகைக்கு ஓட்டித்தான் வண்டிக்கடன் கட்டுகிறார். நடவுக்கு முன்னால் சேற்றுழவு நடக்கிற சமயம். வண்டிக்கு ஓய்வே கிடையாது. ஒருநாள் காலையில் ரோட்டவேட்டர் மேலே எழும்ப மறுத்துவிட்டது. லிவரைத் தள்ளினால் முனகல் சத்தம் மட்டும் வருகிறது. பட்டறைக்குக் கொண்டுபோய் அடியில் இருக்கும் பிளக்கைத் திறந்தால், வந்தது ஆயிலே இல்லை. பால் விட்ட டீ மாதிரி ஏதோ ஒன்று! வயல் தண்ணீர் ஆயில் சீல் வழியாக உள்ளே போய்க் கலந்திருக்கிறது. அது போதாதென்று, அளவு குறைந்தபோதெல்லாம் சித்தப்பா கையில் கிடைத்ததை ஊற்றியிருக்கிறார். ஒரு தடவை மிச்சம் இருந்த இன்ஜின் ஆயில், இன்னொரு தடவை விலை குறைவென்று வாங்கிய பெயர் தெரியாத வாளி.

பம்ப் போய்விட்டது. புதுசு வந்து சேர எட்டு நாள். நடவு ஆட்களுக்குச் சொன்ன தேதி போச்சு, வாடகைக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் வேறு வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போது சித்தப்பா ஒன்று சொன்னார்: "ஆயில்தானேடா, எதுவா இருந்தா என்னன்னு நெனச்சேன்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் மட்டுமா அப்படி நினைக்கிறார்? இன்ஜின் ஆயிலை நேரத்துக்கு மாற்றுகிறவர்கள்கூட ஹைட்ராலிக் ஆயிலை எட்டிப் பார்ப்பதில்லை. என் கருத்து என்னவென்றால், டிராக்டரில் இன்ஜின் ஆயிலுக்குக் கொடுக்கிற மரியாதையைவிட ஒரு படி அதிகமாகவே இதற்குக் கொடுக்க வேண்டும். காரணம் சொல்கிறேன்.

டிராக்டர் என்றால் இழுக்கிற வண்டி என்றுதான் முதலில் தோன்றும். மாடு இழுத்ததை இன்ஜின் இழுக்கிறது, அவ்வளவுதானே? ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. கலப்பையைப் பின்னால் கொக்கி போட்டுக் கட்டி இழுத்தார்கள். கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டினால், டிராக்டர் முன்பக்கம் தூக்கி ஓட்டுகிறவர் மேலேயே மல்லாக்கக் கவிழும். பலர் செத்திருக்கிறார்கள். இதற்கு வழி கண்டவர் அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன். கருவியை மூன்று இடத்தில் இணைத்து, அதை ஆயில் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறைக்கு 1926-ல் காப்புரிமை வாங்கினார். 1939-ல் வந்த ஃபோர்டு 9என் டிராக்டரில் இந்த அமைப்பு பரவலாகப் போய்ச் சேர்ந்தது. இன்று நம் ஊர் வயலில் ஓடுகிற டிராக்டர்களின் பின்பக்கத்தைப் பாருங்கள், அதே மூன்று கைகள் இருக்கும். சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே நிறுவனம் தயாரித்த மாஸி ஃபெர்குசன் வண்டிகளின் பெயரில் இருப்பதும் இதே ஃபெர்குசன்தான்.

இதில் அழகான விஷயம் டிராஃப்ட் கண்ட்ரோல். கலப்பை இறுகிய மண்ணில் மாட்டினால் மேல் இணைப்புக் கம்பியில் அழுத்தம் கூடும். அது ஒரு வால்வைத் திறக்கும், ஆயில் பாய்ந்து கலப்பையைக் கொஞ்சம் தூக்கிவிடும். மண் இளகினால் மறுபடி இறக்கிவிடும். மேழி பிடித்த தாத்தா கையால் உணர்ந்து செய்த வேலையை இங்கே ஆயில் செய்கிறது. பத்தாம் வகுப்பில் மனப்பாடம் பண்ணி மறந்துபோன பாஸ்கல் விதி இங்கேதான் சோறு போடுகிறது :-)

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். கார், லாரியில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆயில். டிராக்டர்கள் பலவற்றில் அப்படிக் கிடையாது. கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், லிஃப்ட், ஆயிலில் மூழ்கிய பிரேக் எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டி, ஒரே ஆயில். (சில மாடல்களில் தனித்தனியாகவும் இருக்கும், வண்டிக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) இந்த வேலைகள் ஒன்றுக்கொன்று முரணானவை. கியர் பற்களுக்கு நடுவே நசுங்காமல் நிற்க ஆயில் கெட்டியாக இருக்க வேண்டும். பம்ப் இழுக்க இளக்கமாக இருக்க வேண்டும். கியருக்கு வழுக்க வேண்டும், பிரேக் தட்டுக்கோ அளவோடு பிடிக்க வேண்டும். இத்தனைக்கும் ஈடுகொடுக்கிற மாதிரி சேர்மானங்கள் கலந்து செய்வதுதான் டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயில். இன்ஜின் ஆயிலையோ மற்ற மெஷின் ஆயிலையோ ஊற்றினால் லிஃப்ட் எழும்பத்தான் செய்யும். ஆனால் பிரேக் பிடிக்கும்போது அதிரும், தட்டு சீக்கிரம் தேயும். கரும்பு லோடு ஏற்றிய டிரெய்லரோடு பாலத்து இறக்கத்தில் வரும்போது பிரேக் சொன்னபடி கேட்காவிட்டால்? வாளியில் மிச்சம் பிடித்த காசு அங்கே உதவாது.

அடுத்தது சுத்தம். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை போகிற பம்ப் இது. உள்ளே உலோகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி தலைமுடியின் தடிமனைவிட எவ்வளவோ குறைவு. கண்ணுக்குத் தெரியாத தூசிகூட அங்கே உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். டிப்பர் டிரெய்லரின் ஹோஸை மண்ணில் போட்டுவிட்டு, துடைக்காமல் அப்படியே வண்டியில் சொருகுகிறோமே, அந்த மண் எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறோமா?

"விவசாயிக்குப் படிப்பு இல்லை, அதான் இப்படி" என்று வகுப்பில் ஒருத்தன் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது. அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு காலத்தில் இந்த ஆயிலுக்கு வழுவழுப்பு கொடுக்க ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய் சேர்த்தார்கள். ஜான் டீரின் 303 என்ற தரத்தில் அது இருந்தது. 1970-ல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் உயிரினங்கள் பட்டியலில் சேர்த்ததும் பழைய தரம் காலாவதியாகி, புதிய தரங்கள் வந்தன. ஆனால் 303 என்ற எண் மட்டும் மற்றவர்களின் மலிவு வாளிகளில் பல வருடம் ஒட்டிக்கொண்டே இருந்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் சோதித்துப் பார்க்க எந்தத் தரமும் இல்லை. 2017-ல் மிசௌரி மாநிலம் அந்த வாளிகளின் விற்பனையை நிறுத்தியது. பழைய ஆயிலையும் கழிவையும் கலந்து விற்றார்கள் என்று விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். படித்த, வசதியான அமெரிக்க விவசாயியையே ஒரு வாளியும் ஒரு எண்ணும் ஏமாற்றியிருக்கிறது. எங்கள் சித்தப்பா எம்மாத்திரம்?

"நல்ல ஆயில் விலை தெரியுமா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். இன்ஜினுக்கு ஏழெட்டு லிட்டர் போதும், இந்தத் தொட்டிக்கு வண்டியைப் பொறுத்து 30 முதல் 60 லிட்டர் வேண்டும். ஒரே தடவையில் அவ்வளவு பணம் புரட்டுவது சிரமம். ஆனால் சித்தப்பா கணக்குப் போட்டுப் பார்த்தார். பம்ப், கூலி, எட்டு நாள் வாடகை, பிந்திய நடவு எல்லாம் சேர்த்தால் ஆயில் செலவு அதில் ஒரு மூலைதான்.

அதனால் நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. வாளி மேல் இது எந்தத் தரம், எந்த வேலைக்கு என்று தமிழில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். டிராக்டர் விற்கிறவர்கள் சாவி கொடுக்கும்போது மாலை போட்டு போட்டோ எடுக்கிறார்கள். கூடவே ஐந்து நிமிடம் இந்தத் தொட்டியைப் பற்றியும் சொல்லட்டும். நாமும் சும்மா இருக்க வேண்டாம். லீவுக்கு ஊருக்குப் போகும்போது அளவுக்கம்பியை இழுத்துப் பாருங்கள். பால் நிறத்தில் இருந்தால் வண்டியை ஓட்டாமல் நேராகப் பட்டறைக்குச் சொல்லுங்கள்.

போன பொங்கலுக்குப் போனபோது சித்தப்பா, டிரெய்லர் ஹோஸைத் துணியால் துடைத்துச் சொருகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்னடா இன்ஜினியர், சரிதானே?" என்றார். நான்கு வருடப் படிப்பில் எனக்குக் கிடைத்த நல்ல மார்க் அதுதான்.