நால்வருள் கடையவர் எவர்?

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் தோன்றி 1970இல் கலைந்த பீட்டல்ஸ் இசைக்குழுவைப் பற்றிய வழக்கொன்று இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வருள் ஆற்றலிற் சிறந்தவர் எவர் என்பதே அவ்வழக்கு. லெனனின் சொல்வன்மையை உயர்த்துவர் ஒரு சாரார். மெக்கார்ட்னியின் பண்ணமைக்கும் திறத்தைப் போற்றுவர் மற்றொரு சாரார். காலந்தாழ்ந்து மலர்ந்த ஹாரிசனே மேலானவர் என்பாரும் உளர். முதலிடம் பற்றி இவ்வாறு முரண்படுவோர், கடையிடம் பற்றி மட்டும் ஒரே குரலில் பேசுவர். டிரம்ஸ் வாசித்த ரிங்கோ கடையவர். நற்பேற்றால் உடன்சேர்ந்தவர் என்பது அவர்தம் முடிபு. இம்முடிபு பிழையானது. அதனைப் பிறப்பித்த அளவுகோல் அதனினும் பிழையானது.

ரிங்கோவைத் தாழ்த்துவோர் காட்டும் முதற்சான்று ஒரு நகைமொழி. அந்த நால்வருள்ளேகூடச் சிறந்த டிரம்ஸ் கலைஞர் அவரல்லர் என்று லெனனே எள்ளியதாகச் சொல்வர். லெனன் அவ்வாறு கூறியதற்குப் பதிவு ஏதும் இல்லை. அவர் 1980 டிசம்பரில் கொல்லப்பட்ட பின்னர் பிரிட்டனின் நகைச்சுவை நிகழ்ச்சிகளில் வழங்கிய துணுக்கு அது. இறந்தவர் வாயில் இட்ட சொல்லைச் சான்றாகக் கொள்வது முறையாகுமா?

இரண்டாவது சான்று 1962 செப்டம்பரில் நிகழ்ந்தது. முந்திய திங்களிற்றான் குழுவிற் சேர்ந்த ரிங்கோவின் வாசிப்பு நிறைவளிக்கவில்லை எனக் கருதி, ‘லவ் மீ டூ’ பாடலை மீண்டும் பதிவு செய்ய ஆண்டி வைட் என்னும் வெளிக்கலைஞர் வரவழைக்கப்பட்டார். ரிங்கோவின் கையில் டாம்பரின் தரப்பட்டது. இது மெய்யே. ஆயினும், முதலில் விற்பனைக்கு வந்த இசைத்தட்டில் இருந்தது ரிங்கோ வாசித்த பதிவன்றோ? ஐந்து திங்கள் கழித்து, 1963 பிப்ரவரி 11ஆம் நாள், முதல் இசைத்தொகுப்பிற்காக ஒரே நாளிற் பத்துப் பாடல்கள் பதிவாயின. குரலும் கருவிகளும் பெரும்பாலும் ஒருங்கே பதிவான காலம் அது. தாளம் தடுமாறினால் நால்வரும் மீண்டும் தொடங்க வேண்டும். அன்று டிரம்ஸ் வாசித்தவர் ரிங்கோவே.

மூன்றாவதாக, 1964 ஜூனில் தொண்டை நோயால் ரிங்கோ மருத்துவமனையிற் படுத்திருந்தபோது, ஜிம்மி நிக்கல் என்பார் அவருக்கு மாற்றாகச் சில மேடைகளில் வாசித்தார். எனவே ரிங்கோவின் இடம் எவராலும் நிரப்பத்தக்கது என்பர். நிக்கல் வாசித்தவை எவர் வகுத்த தாளங்கள்? பெரும்பாலும் ரிங்கோ முன்னரே இசைத்தட்டுகளில் அமைத்துத் தந்தவை அல்லவா? வழி வகுப்பது வேறு. வகுத்த வழியில் நடப்பது வேறு.

எஞ்சிய வாதமே வலியது. குழுவின் இசைத்தட்டுகளில் ரிங்கோ தனித்து இயற்றியனவாக உள்ள பாடல்கள் இரண்டே. பாட்டு இயற்றுவது ஒன்றே ஆற்றல் எனின் அவர் கடையவர்தாம். ஆனால், கேட்போர் செவியில் விழுவது ஏட்டிலுள்ள பாட்டன்று. நால்வர் கூடி எழுப்பிய ஒலி. 1967இல் வெளியான ‘எ டே இன் த லைஃப்’ பாடலில், லெனன் பாடி நிறுத்தும் இடங்களில் ரிங்கோவின் டிரம்ஸ் எதிர்மொழி கூறுவதுபோல் ஒலிக்கும். அவ்வொலியை நீக்கிவிட்டால் அப்பாடலின் துயரம் பாதியாகக் குறையும். இடக்கை வழக்கமுள்ள ரிங்கோ, வலக்கையாளருக்கென அடுக்கிய கருவிகளை வாசித்தார். ஆதலின், அவருடைய கைகள் கருவிகளைச் சுற்றிவரும் முறை பிறரினின்று வேறுபட்டது. குறை எனத் தோன்றுவதே அவருடைய தனித்தன்மையாயிற்று. தனி ஆவர்த்தனத்தை அவர் விரும்பியவரல்லர். குழுவின் இசைத்தட்டுகளில் அவர் அவ்வாறு வாசித்தது 1969இல் வந்த ‘தி எண்ட்’ என்னும் ஒரே பாடலில்தான். பாட்டுக்கு வேண்டியதை மட்டும் வாசிப்பதும் ஆற்றலேயாகும்.

இனி, முதலிடத்திற்கேனும் இவ்வளவுகோல் பயன்படுமா? ‘இன் மை லைஃப்’ என்னும் 1965ஆம் ஆண்டுப் பாடலின் மெட்டை அமைத்தவர் எவர் என்பதில் லெனனும் மெக்கார்ட்னியும் பிற்காலத்தில் வெவ்வேறு விதமாகக் கூறினர். ஆக்கியோரே பிரித்துக் காட்ட இயலாத பங்கினை மற்றவர் எந்தத் தராசில் நிறுப்பர்?

1968 ஆகஸ்டில் மனம் நொந்து ரிங்கோ குழுவை விட்டு விலகினார். அவரின்றி இரண்டு பாடல்கள் பதிவாயின. மெக்கார்ட்னி டிரம்ஸ் வாசித்தார். தாளம் நின்றுவிடவில்லை. எனினும், மற்றவர்கள் ரிங்கோவைத் திரும்ப அழைத்தனர். செப்டம்பர்த் தொடக்கத்தில் அவர் மீண்டபோது அவருடைய கருவிகள் மலர்களால் அணிசெய்யப்பட்டிருந்தன. உடனிருந்தோர் அளித்த தீர்ப்பு அது. அதனை மேற்சென்று மாற்றப் பிறருக்கு என்ன உரிமை?

இவ்வழக்கு இசையோடு முடிவதன்று. ஆசிரியரும் மாணவரும் எண்ணிப் பார்க்கத் தக்கது. ரிங்கோ ஆறு வயதில் கடுநோயுற்றுப் பள்ளிப்படிப்பிற் பின்தங்கிய சிறுவர். பதின்மூன்று வயதிற் காசநோய் கண்டு மருத்துவமனையில் நெடுநாள் கிடந்தபோதுதான் தாளக்கருவி அவர் கைக்கு வந்தது. எந்த வகுப்பின் மதிப்பெண் பட்டியலில் அவர் முன்னிற்க முடியும்? ஒரே கோலால் அனைவரையும் அளந்து, இவன் முதல்வன், இவன் கடையன் என்று எழுதும் பட்டியல், அவன் எதில் வல்லவன் என்பதை எழுதுவதில்லை. ஒவ்வொருவரும் தம்முடன் இருப்போரை எவ்வளவு உயர்த்தினர் என்று கேட்பதே நேரிய கேள்வி. அக்கேள்வியைக் கேட்கத் தொடங்கினால், நால்வருள் கடையவர் எவர் என்னும் வழக்குத் தானே தள்ளுபடியாகும்.