குறுவட்டப் போட்டியும் கல்விதான் என்று எழுதிக் கொடுங்கள்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் அரசிதழில் வந்துவிட்டன. பிள்ளைகளின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வாங்குவது பற்றிய பகுதி 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகிறது. இடையில் உடற்கல்வி ஆசிரியர்களான நமக்கு இருப்பது, பள்ளிகளுக்கிடையிலான குறுவட்டப் போட்டிகளின் ஒரே ஒரு பருவம். துறைக்குள் இதைப் பற்றிப் பேச்சே காணோம். இந்த இதழாவது தன் நிலையைச் சொல்லிவிட வேண்டும்.

ஒப்புதல் கேட்பதை வரவேற்கிறோம். நம் கைபேசிகளில் எத்தனை பிள்ளைகளின் ஆதார் நகலும் பிறப்புச் சான்றும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் கிடக்கின்றன? நுழைவுப் படிவத்துக்காக வாட்ஸ்அப் குழுவில் போட்டவை, அந்த அணியே கல்லூரிக்குப் போன பிறகும் அங்கேதான் இருக்கின்றன. மாணவிகளின் எடை, மாதவிலக்குத் தேதி வரை குறித்துவைக்கும் பயிற்சிச் செயலிகளும் வந்துவிட்டன. பிள்ளைகளின் தரவைப் பற்றிய, தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் என்பதில் நமக்கு வருத்தமில்லை.

வயது வரம்பு வேறு விஷயம். அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழ் இருந்தால்தான் இணையச் சட்டம் பெற்றோரைத் தேடுகிறது. அதனால் அங்கே உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர்கள் ஹட்ல் போன்ற செயலிகளில் அணியையே ஏற்றி, ஆட்டக் காணொளியை வெட்டி ஒவ்வொருவருக்கும் அனுப்புகிறார்கள். இங்கே வரம்பு 18. பிளஸ் டூ கபடி வீரனுக்கும் அப்பா வர வேண்டும்.

அந்த அப்பா எங்கே இருக்கிறார்? மரக்காணம் உப்பளத்தில் வேலை விடியுமுன்னே தொடங்கிவிடுகிறது. குறுவட்டத்துக்குப் பெயர் கொடுக்கும் ஜூலை, ஆகஸ்டில் உப்பு வாருவது ஓயாது. வடகிழக்குப் பருவமழை வந்தால்தான் பாத்தி மூழ்கி ஆள் வீட்டில் இருப்பார். பள்ளியில் கொடுத்திருக்கும் எண் மேஸ்திரியுடையதாக இருக்கும், இல்லையென்றால் சென்னைக்கு வேலைக்குப் போன மூத்த மகனுடையதாக இருக்கும். அம்மாவிடமே கைபேசி இருந்தாலும் கதை முடிவதில்லை. நம் ஆசிரியர் வண்டியை வரப்போரம் நிறுத்தி, "அக்கா, இப்ப ஒரு நம்பர் வரும், படிச்சுச் சொல்லுங்க" என்கிறார். அந்த அம்மா உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டு, உப்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "ஓடிபிய யாருக்கும் சொல்லாதீங்கன்னு போன்லயே சொல்றாங்களே சார்?" என்று கேட்கிறார். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்துக்காகப் பெற்றோரின் கைபேசி எண்ணைச் சரிபார்த்தபோது மாநிலம் முழுக்க இதே பதிலைக் கேட்டோம்.

உண்மையில் ஓடிபி கட்டாயமே இல்லை. தன்னிடம் ஏற்கெனவே உள்ள நம்பகமான அடையாள, வயது விவரங்களை வைத்தே பெற்றோரை உறுதி செய்துகொள்ள 10-ஆம் விதி இடம் தருகிறது. சேர்க்கைப் பதிவேடு வைத்திருக்கும் பள்ளிக்கு அது போதாதா? ஆனால் நம் அலுவலகங்கள் எளிய வழியைத் தேர்ந்தெடுத்த வரலாறு உண்டா என்ன!

அதைவிடப் பெரிய கேள்வி அதே விதிகளின் நான்காம் அட்டவணையில் இருக்கிறது. ஒரு கல்வி நிறுவனம் தன் கல்விச் செயல்பாடுகளுக்காகவோ பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவோ அவர்களைக் கண்காணித்தால் பெற்றோர் ஒப்புதல் தேவையில்லை. கணக்கு ஆசிரியர் மதிப்பெண்ணைச் செயலியில் ஏற்றும்போது யாரும் கேட்கப்போவதில்லை. நாம் 600 மீட்டர் ஓட்ட நேரத்தை ஏற்றினால்? காலை ஆறு மணிப் பயிற்சி எந்தக் கணக்கில் வரும்? வேறொரு பள்ளி பொறுப்பேற்று நடத்தும் குறுவட்டம் நம் பள்ளியின் செயல்பாடா? முதலமைச்சர் கோப்பைப் பதிவு? விதி வாய் திறக்கவில்லை. அப்படியானால் தலைமையாசிரியர் என்ன சொல்வார் என்று நமக்குத் தெரியும்: "எதுக்கு சார் வம்பு, இந்த வருஷம் விட்டுடுங்க."

விளையாட்டு கல்வியில் சேர்த்தியா என்று இந்த இதழ் கேட்பது புதிதல்ல. பதில் சொன்னவர்தான் யாருமில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வகுப்புகளில் 100 பேருக்கு மேல் இருந்தால்தான் உடற்கல்விக்கு ஆள் கேட்கிறது, அதுவும் பகுதிநேரம். 2012-ல் தமிழ்நாட்டில் உடற்கல்வி, ஓவியம் உள்ளிட்டவற்றுக்கு 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரம் மூன்று அரைநாள் வேலைக்கு எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்த நாட்களுக்குக் கணக்கில்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கையோ பாடத்துக்கும் பாடம் சாராததற்கும் நடுவே கோடே வேண்டாம் என்று முழங்கியது. அதே தில்லிதான் தரவு விதிகளின் நான்காம் அட்டவணையையும் எழுதியது; விளையாட்டு என்று ஒரு சொல் சேர்க்க மனம் வரவில்லை. தேர்வு அறை மேற்பார்வைக்கு நாம் ஆசிரியர், விடுப்பில் போனவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ள நாம் ஆசிரியர், தேர்தல் பணிக்கும் நாம் ஆசிரியர். மைதானத்தில் இறங்கினால் மட்டும் யாரோ!

கோரிக்கைக்கு வருவோம். பள்ளிப் பயிற்சி முதல் குடியரசு தின, பாரதியார் தின மாநிலப் போட்டிகள் வரை எல்லாம் கல்விச் செயல்பாடே என்று மின்னணு அமைச்சகத்திடம் பள்ளிக் கல்வித் துறை விளக்கம் வாங்கி, அடுத்த குறுவட்டத்துக்கு முன் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும். பெற்றோரிடம் ஒப்புதல் கேட்க வேண்டிய இடத்தில் சேர்க்கையின்போதே கேட்டுவிடட்டும். ஓடிபி வசூல் நம் வேலையல்ல. தனியார் செயலி நிறுவனங்களுக்கு இந்த விலக்கு வேண்டாம்; ஒப்புதலை அவர்களே வந்து வாங்கட்டும்.

அதுவரை ஜூன் மாதத்திலேயே தமிழில் ஒரு பக்கப் படிவம் தயாரித்து, என்ன விவரம், எதற்கு, எப்போது அழிக்கப்படும் என்று எழுதி, கைநாட்டானாலும் பெற்றோரிடம் வாங்கிவையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கிடக்கும் ஆதார் நகல்களை இந்த வாரமே அழித்துவிடுங்கள்.